அந்த ஆள் பக்கத்தில் உங்கள் படம்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். நினைவு ஜெபக் கூட்டத்துக்குத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அதில் நீங்கள் கோட் போட்டுச் சிரிக்கிறீர்கள். உங்கள் தோளை ஒட்டி, ராணுவ உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கம்ப்யூட்டரில் ஒட்டவைத்த அந்த ஆள். நீங்கள் ஆப்பிரிக்காவில் வாத்தியாராக இருந்தபோது அந்த நாட்டை ஆட்டிவைத்தானே, அதே சர்வாதிகாரி. கீழே, 'சிங்கத்தின் தேசத்தில் பாடம் சொன்ன சிங்கம்' என்று கொட்டை எழுத்தில். வைத்தது வேறு யாருமில்லை, துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் சாம்தான், தம்பி மகன். தாத்தா மேல் அவ்வளவு ஆசை அவனுக்கு!

அந்த ஆளை வைத்து இப்போது ஒரு படம் வந்திருக்கிறது அப்பா. நடந்து வந்தால் விசில், சுருட்டைப் பற்றவைத்தால் விசில். சுடச் சொல்லிக் கை காட்டினால் தியேட்டரே எழுந்து ஆடுகிறது. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்துகொண்டு, நமக்கும் இப்படி ஒருத்தர் வேண்டும் என்கிறார்கள். காய் வாங்கப் போனால் கடை அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். "ஒங்க அப்பா அவரு காலத்துல அங்கன இருந்தாகளாமே! குடுத்து வச்சவுக!" பையோடு நேராக வீட்டுக்கு வந்தேன்.

சாமைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"ஏலே, அந்த ஆளு யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அத்த. கெட்டவங்களத்தான சுட்டாரு."

"தெஸ்பாயேன்னு ஒரு பையன், ஒன் தாத்தாகிட்ட படிச்சவன். செவுத்துல என்னமோ எழுதுனான்னு அந்த ஆளோட பட்டாளத்தானுவ வகுப்புக்குள்ள வந்து இழுத்துட்டுப் போனானுவ. மறுநா காலையில பள்ளிக்கூட வாசல்ல பொணமா கெடந்தான். அவன் என்னலே கெட்டது செஞ்சான்?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ படத்துல ஏன் அத்த அவன காட்டல?" என்று கேட்டான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவனை என்ன குறை சொல்ல? இதை எங்களிடம் மட்டும் சொல்லிவிட்டு, "வெளியே சொல்லாதீர்கள், கதை விடுகிறான் என்பார்கள்" என்று எங்கள் வாயை அடைத்தது நீங்கள்தானே அப்பா? நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில் ஒரு படம் வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஃபிளெக்ஸைச் சாமே ஏறி இறக்கிவிட்டான். ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லாம் நீங்கள் அந்த ஆளோடு நிற்கிறீர்களே, அதை எந்த ஏணி வைத்து இறக்குவது?

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபித்து முடித்ததும் மைக்கை நான் வாங்கப் போகிறேன். உங்கள் அருமை பெருமையை மற்றவர்கள் பேசட்டும். நான் தெஸ்பாயேயைப் பற்றித்தான் பேசுவேன், கேட்பவர்கள் கதை என்றாலும் பேசுவேன். கோபம் இருந்தால், நான் அங்கே வந்து சேரும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் சொல்பேச்சு கேளாத மகள்,
கிரேஸ்