கொட்டா இருந்த இடத்தில் சிவப்பி கன்னு போட்டா

எந்தக் கூட்டத்துல நின்னாலும் என் குரல் கேட்டாத் திரும்பிப் பாக்கிற என் அண்ணனுக்கு,

நல்லா கீறியான்னு கேக்க வாய் வரல. நான் நல்லா இல்ல. நம்ம மாட்டுக் கொட்டாவ இடிச்சிட்டாங்க அண்ணா. நெமிலிச்சேரில தாத்தா போட்ட கொட்டா இருந்த எடத்துல இன்னிக்கு ஜல்லி கொட்டிக் கெடக்கு. ஊரே படிச்சாலும் படிக்கட்டும்னு எழுதறேன். உன்னை விட்டா நான் யார்கிட்ட போயி அழுவேன்?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உன் மேல எனக்குக் கோவம். செத்தவங்க மேல கோவப்படக் கூடாதாம், நான் படுவேன்.

புருசனைத் தூக்கிக் குடுத்துட்டுப் பொறந்த ஊட்டுக்கு வந்து நின்னேனே, அன்னிக்கு நீதான ஒரு செவப்புக் கன்னுக்குட்டியக் கயிறோட என் கையில குடுத்த. "பவுனு, இந்தக் கொட்டா இனிமே உன்து. பால் கறந்து பொழச்சிக்கோ"ன்ன. ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு அண்ணான்னு கேட்டேன். காதைப் பொத்திக்கின. "மாடு கட்டற எடத்த எவனாவது காயிதத்துல எழுதுவானா? எழுதுன அன்னிக்கே லட்சுமி எறங்கிப் போயிடுவா"ன்ன. தாத்தா காலத்துல இருந்து நம்ம ஊட்டுல அப்பிடித்தான். சித்தப்பாவோட பாகம் பிரிச்சப்ப நெலத்த அளந்தாங்க, கெணத்த அளந்தாங்க, கொட்டாகிட்ட வந்ததும் சங்கிலியச் சுருட்டி வச்சிட்டாங்க.

தாத்தா பனங்கால் நட்டு ஓலை போட்டாரு. அப்பா ஓலையப் பிரிச்சி ஓடு போட்டாரு. நீ ஓட்டை எடுத்துட்டு சிமெண்டு ஷீட்டு போட்ட. கூரைதான் மாறிச்சி, கால் மாறவே இல்ல. ஏரி ஒடைஞ்சி தண்ணி வந்தப்ப மேட்டுல இருந்தது நம்ம கொட்டா ஒண்ணுதான். தெருவே மாட்டையும் புள்ளைங்களையும் ஓட்டிக்கினு வந்து ஏறிக்கிச்சி. உன் பையன் குமாரு பரண் மேல வைக்கோல்ல தூங்குனானே, உனக்கு ஞாபகம் இருக்குதா? அவனுக்கு இல்ல. கேட்டுப் பாத்தேன்.

அவனைத் திட்ட முடியல, அதான் இன்னும் வயிறு எரியுது. வேலப்பன்சாவடில பிளாட்டு, கம்ப்யூட்டர் வேலை, நல்ல புள்ள. நீ போனதும் நெலத்த வித்துட்டான். வாங்கனவங்க மனைப் பிரிவு போட்டாங்க. அதுல ரோடு நேரா நம்ம கொட்டா மேலதான் போவுது.

"அத்தை, சத்தியமா எனக்குத் தெரியாது. பத்திரத்துல அது வெறும் நெலம்னுதான் இருந்துச்சு. அப்பா உங்க பேர்ல ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

நான் என்ன பதில் சொல்றது? நீ சொல்லு.

நீ குடுத்த சிவப்பி அப்ப நெறமாசம். சினை மாட்டைக் கட்டுத்தறி மாத்தக் கூடாதுன்னு நீதான சொல்லுவ. கன்னு போடற வரைக்கும் விடுங்கப்பான்னு ஜேசிபிக்காரன் காலைப் புடிச்சேன். பாவம், அவன் எறங்கி வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, "எனக்கு மேல இருக்கறவங்களக் கேக்கணும்மா"ன்னான். மேல இருக்கறவங்க போனை எடுக்கல. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிபோச்சி. ஷீட்டு ஒடைஞ்சப்பகூட நான் தாங்கிக்கினேன். பனங்காலப் புடுங்குனப்பதான் உக்காந்துட்டேன்.

இப்ப திருநின்றவூர்ல ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்கேன். மாட்டுக்கு எடமில்லன்னு ஊட்டுக்காரம்மா மொதல் நாளே சொல்லிட்டாங்க. ரயில் ரோட்டோரம் ஒரு வேப்பமரத்துல சிவப்பியக் கட்டி வச்சேன். நேத்து விடியக்காலம் போயிப் பாத்தா அறுந்த கயிறுதான் கெடக்கு. ஆனா எங்க போயிருப்பான்னு தெரியும். ஓடனேன். கொட்டா இருந்த எடத்துல, அவ எப்பவும் படுக்கிற அதே மூலையில, ஜல்லி மேல படுத்துக்கினு கன்னு போட்டிருந்தா. கெடேரி, பொட்டக் கன்னு. கல்லு குத்தி அவ முட்டியெல்லாம் ரத்தம்.

நஞ்சுக்கொடி விழுந்திச்சி. வைக்கோல்ல சுத்தி சாக்குல கட்டி, பால் வடியற மரத்துல தொங்க விட்டாதான மாட்டுக்குப் பால் சொரக்கும். கொட்டாவுக்குப் பின்னால இருந்த ஆலமரத்துலதான் எப்பவும் கட்டுவோம். அதையும் வெட்டிட்டாங்க. மூட்டையத் தூக்கிக்கினு தெருத்தெருவா அலைஞ்சேன். எங்க பாத்தாலும் தொட்டிச் செடி, காம்பவுண்டு. நாய்ங்க பின்னாலயே வந்துச்சுங்க. கீழ வச்சா அதுங்க வாயிலதான் போவும், அப்புறம் பால் வத்திப்போவும்னு பயம். அந்தப் பால விட்டா எனக்கு என்ன இருக்கு?

கடைசில ஏரிக்கரை சுடுகாட்டுக்கு வந்தேன். உன்னைப் பொதைச்ச எடத்துல, உன் தலைமாட்டுல ஆலமரம் கீறது அப்பதான் ஞாபகம் வந்திச்சி. அங்க கட்டிட்டு, சிவப்பியையும் கன்னையும் ஓட்டியாந்து அதே மரத்தடியில நிறுத்தனேன். வாட்ச்மேன் வந்து, "இன்னாம்மா இது, செத்தவங்களுக்குத்தான் இங்க எடம்"ன்னாரு. "என் அண்ணன் இங்கதான் கீறாரு, அவர் வாங்கிக் குடுத்த மாடு"ன்னேன். அவரு போயி ஒரு பக்கெட்டு தண்ணி கொண்டாந்து வச்சிட்டுப் போனாரு.

குமாரு போன் பண்ணான். மாட்டை வித்துட்டு எங்களோட வந்துடு அத்தைன்றான். வித்துட்டு அந்த பிளாட்டுல நான் என்ன பண்ணுவேன், ஜன்னல் வழியாப் பாத்துக்கினு உக்காந்திருக்கவா?

நாளைக்கு எங்க கட்டுவேன்னு தெரியல. மேல மூட்டை தொங்குது, கீழ நாயிங்க சுத்துது. கொட்டாவத்தான் நீ காப்பாத்தல, இதையாவது ராவெல்லாம் முழிச்சிருந்து பாத்துக்கோ.

உனக்கு ஒரு வாக்குக் குடுக்கறேன். எங்கனா, எவ்ளோ சின்னதா இருந்தாலும், இன்னொரு கொட்டா போடாம சாவ மாட்டேன். போட்டதும் மொத வேலையா அதை என் பேர்ல எழுதி வாங்குவேன். கோச்சிக்கினு லட்சுமி போறதுன்னா போவட்டும் அண்ணா. சிவப்பி இருப்பா.

உன் மரத்தடியில மாட்டைப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கிற,
உன் தங்கச்சி பவுனு