வெள்ளைப் பை

என் டாக்டர் மகனுக்கு,

நான் ஸ்கேனுக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வந்திருக்கும். நான் ஒன்றும் ஓடி ஒளியவில்லை. பறவை பார்க்கும் கோஷ்டியோடு ஏரிக்குப் போனேன், அப்படியே பக்கத்துக் குப்பைமேட்டுக்கும். முகத்தைச் சுளிக்காதே, ஏரியை விட அங்கேதான் பறவைக் கூட்டம். முடி போனதில் ஒரு லாபம், தொப்பி கச்சிதமாக உட்காருகிறது.

மேட்டுச் சரிவில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. போன வாரம் பிளாஸ்டிக் பையைப் பார்த்து, "கொக்கு, கொக்கு!" என்று கூவி மானம் போனவள் நான். அதனால் இன்று ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இதுவும் பைதான். வாங்க, வண்டி கெளம்பணும்" என்றார் டிரைவர்.

"பையாவே இருந்துட்டுப் போகட்டும். நல்லா பாக்காம நான் நகரமாட்டேன்" என்றேன்.

எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்கள்; டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அந்தப் பை கழுத்தை நீட்டியது. எழுந்து நின்று, சாவகாசமாக இறகைக் கோதிக்கொண்டது. ஹாரன் சத்தம் நின்றுவிட்டது.

நாளைக்கு ஸ்கேனுக்கு வருகிறேன். ஆனால் படத்தைப் பார்த்ததுமே உங்கள் பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினால், அவரையும் குப்பைமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போவேன். சொல்லி வை.

தொப்பியோடு,
உன் அம்மா