ஆளைக் கேட்டேன், ஆடு வந்தது

இச்சுபம்பா,
செப்டம்பர் 14

அன்புள்ள ஃபோர்துனாட்டாவுக்கு,

உன் அக்கா எழுந்து நடமாடுகிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படி.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிப்ரவரியில் குழந்தையைப் புதைத்த நாளிலிருந்து எவுசேபியா படுக்கையை விட்டு எழவில்லை, நீ வந்து கூட இரு என்று எழுதியிருந்தேன். மாமியாரை விட்டு வர முடியாத நீ, லாரியில் ஒரு தாய் ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் ஏற்றி அனுப்பினாய். "ஆளைக் கேட்டா ஆட்டை அனுப்பியிருக்கா பாரு" என்று ஓட்டுநரிடமே உன்னைத் திட்டினேன். அவரும், "பள்ளத்தாக்கு ஆடு, இந்தக் குளிர் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தாங்கின. எங்கள் அல்பாக்கா மந்தையின் கம்பளி ரோமத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டன. முதல் வாரம் அல்பாக்காக்கள் காதை மடக்கிக்கொண்டு விலகிப் போயின. ஆனால் சாயங்காலம் அவற்றின் குட்டிகள் நான்கு காலையும் ஒன்றாகத் தூக்கித் துள்ளி ஓடுமே, அந்த ஓட்டத்தில் உன் குட்டிகளும் சேர்ந்துகொண்டன. நீளக் கழுத்துக்கு அடியில் நுழைவதும், கல்சுவரில் ஏறி நின்று முட்ட அழைப்பதுமாக ஒரே கூத்து.

போன செவ்வாய்க்கிழமை, படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த எங்கள் கிழட்டு அல்பாக்காவின் முதுகில் உன் கறுப்பு ஆட்டுக்குட்டி ஏறி நின்றது. அது எழுந்ததும் குட்டி சறுக்கி விழுந்தது. படுத்ததும் மறுபடி ஏறியது. கிழத்துக்குப் பாவம் பார்த்து நான் குட்டியை இழுக்கப் போனேன். கிழம் என் மூஞ்சியில் துப்பிவிட்டது.

பின்னால் சிரிப்புச் சத்தம். வாசலில் எவுசேபியா சால்வைகூட இல்லாமல் நின்றிருந்தாள். "நல்லா வேணும் உனக்கு. அதுங்க பாட்டுக்கு விளையாடுதுங்க, நீ எதுக்கு நடுவுல போற?" என்றாள். ஏழு மாதத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான். எனக்கு முகத்தைத் துடைக்கவும் தோன்றவில்லை.

இப்போது அவள்தான் பால் கறக்கிறாள். "கையைச் சூடு பண்ணிட்டுத் தொடு, ஃபோர்துனாட்டா வளர்த்த ஆடு, கோபம் வரும்" என்று என்னை விரட்டுகிறாள். சில நாள் அழுகிறாள்தான். அழுதுவிட்டுச் சாப்பிடுகிறாள்.

நேற்று அவளாகவே நவம்பர் முதல் தேதியைப் பற்றிப் பேசினாள். அன்று இறந்தவர்களுக்குப் படைக்கும், குழந்தை உருவில் செய்யும் ரொட்டியை இந்த வருடம் தானே சுட வேண்டுமாம். "சின்னதா ஒண்ணு போதும்" என்றாள். மாமியாரிடம் நான் கெஞ்சியதாகச் சொல்லி இரண்டு நாள் மட்டும் வா. அந்த ரொட்டிக்கு அவள் முகம் வைக்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொள்ள என் கை மட்டும் போதாது.

நீ அனுப்பிய மூன்று உயிருக்காகக் கடவுள் உன் வீட்டை நிறைத்து வைக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள
உன் அக்கா கணவன்,
நிக்கானோர்