மேற்குச் சுவரோரத்துச் சரளை

அன்பு மகள் டாமரிஸுக்கு அப்பா எழுதறது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைங்களும் அந்த நியூஸிலாந்துல சௌக்கியமா இருக்கணும்னு தினம் மௌன ஜெபத்துல உக்காரும்போதெல்லாம் நினைச்சுக்கறேன். என் இடுப்பு தேவலை, கம்பு ஊணாம கடைவரைக்கும் போயிட்டு வர்றேன். இங்க மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்குல பாதி மண்ணுக்குள்ளயே அழுகிப்போச்சு, அம்மா ஆப்பிள் ஜாம் போட்டு வெச்சிருக்கா, உனக்கு அனுப்பலாம்னா உங்க ஊர் கஸ்டம்ஸ்காரன் பிடுங்கிக்குவான். சௌக்கியம்னு எழுதிட்டேன், ஆனா மனசு சௌக்கியமா இல்ல, உன்கிட்ட கொட்டாம வேற யார்கிட்ட கொட்டறது.

போன ஞாயித்துக்கிழமை நம்ம குவேக்கர் சபையோட கூட்டத்து வீட்டுல பாரம்பரிய நாள் கொண்டாடினாங்க. வாரா வாரம் அங்க போய் உக்கார்றது நாலஞ்சு கிழங்கட்டைங்க, அன்னிக்கு மட்டும் பஸ் பஸ்ஸா ஜனம் வந்து இறங்குச்சு. குவேக்கர்னா நீங்கதானே பிஸ்கட் பண்ணினவங்கன்னு ஒருத்தன் என்னைக் கேக்கறான். பஞ்சகாலத்துல நம்ம ஆளுங்க ஊருக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்தின அந்த இரும்பு அண்டா இருக்கே, அதை மினுமினுன்னு தேய்ச்சு, அதுலயே சூப் வெச்சு, மேல மல்லித்தழை வேற தூவி, எல்லாருக்கும் காகிதக் கப்புல கொடுத்தாங்க. ஒரு பொம்பளை நாக்கைச் சப்புக்கொட்டிகிட்டு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்றா. எனக்கு வயித்தெரிச்சல். பக்கத்து வீட்டு நுவாலா சோடா ரொட்டி சுட்டு எடுத்துட்டு வந்திருந்தா, என் மூஞ்சியைப் பாத்துட்டு, உங்காளுங்க சண்டை போட்டாலும் சத்தம் வெளிய கேக்காதே, இன்னிக்கு யார்கூடன்னு கிண்டல் பண்ணினா. அவளுக்கென்ன தெரியும்.

விஷயம் இதுதான். பஸ் திருப்ப இடமில்லையாம், அதனால கல்லறைத் தோட்டத்துல மேற்குச் சுவரோரம் சும்மா கிடக்கற புல்தரையில சரளை கொட்டி வண்டி நிறுத்த இடம் பண்ணப்போறாங்களாம். சும்மாவா கிடக்கு அது? உன் அண்ணன் ஜோயல் அங்கதான் படுத்திருக்கான், நீ பொறக்கறதுக்கு முன்னாடி மூளைக்காய்ச்சல்ல போன பிள்ளை. அந்த வரிசையில யாருக்கும் கல்லு கிடையாது, அதனால பாக்கறவனுக்குப் புல்லுதான். காரியக் கூட்டத்துல இந்த முடிவு எடுத்தப்போ நான் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரில கிடந்தேன். நம்மகிட்ட ஓட்டுப் போடற பழக்கமா இருக்கு, யாராவது ஒருத்தர் எழுந்து எனக்கு மனசு ஒப்பலைன்னு சொன்னாப் போதும், காரியம் அங்கயே நிக்கும், யாரும் சொல்லலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு கூட்டத்தை நடத்தற கிளார்க் எழுதிக்குவார். அப்படித்தான் கிளார்க் ரஸ்ஸலும் எழுதிட்டாரு. உங்கம்மா அங்கதான் இருந்தா டாமரிஸ், அவ வாயத் திறக்கலை. வீட்டுக்கு வந்தப்புறம் கேட்டதுக்கும் ஏதோ வண்டி நிறுத்தற விஷயம்னு மழுப்பிட்டா. பாவம், கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னாடி பேச வரலைன்னு நானே சமாதானம் சொல்லிகிட்டேன்.

மௌனக் கூட்டம்னாலும் மனசு உந்தினா யாரும் எழுந்து பேசலாமே, அதனால பாரம்பரிய நாள் அன்னிக்கு அங்க நானே பேசிடறதுன்னு முடிவு பண்ணினேன். வந்தவங்கள்ல பாதிப் பேர் வேடிக்கை பாக்க உள்ள வந்து உக்காந்திருந்தாங்க, உங்கம்மா அன்னிக்கு மூப்பர், எதிர் பெஞ்சில ரஸ்ஸல் பக்கத்துல இருந்தா. எழுந்து நின்னேன். நீங்க சூப் குடிச்சுகிட்டு நின்னீங்களே அந்தப் புல்லு, அதுக்கடியில ஒரு குழந்தை இருக்கு, அவன் பேருன்னு ஆரம்பிச்சேன். பேரைச் சொல்லி முடிக்கலை, உங்கம்மா சட்டுனு திரும்பி ரஸ்ஸல் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டா. மூப்பர் கை குலுக்கினா கூட்டம் முடிஞ்சுது, அப்புறம் யார் பேச முடியும். எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்க கையைக் குலுக்கறாங்க, சிரிக்கறாங்க, நான் மட்டும் நட்டநடுவுல மரமாட்டம் நிக்கறேன். ஒருத்தர் பேசும்போது மூப்பர் கை குலுக்கி வாயடைச்சதை நான் இந்த வயசுக்குப் பாத்ததில்லை. அதுவும் கட்டின பொண்டாட்டி. யாரோ ஒரு ஜெர்மன்காரர் வந்து என் கையைப் பிடிச்சு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த மனுஷனுக்கு ஒரு நன்றிகூட சொல்லலை.

வீட்டுக்கு வந்து கத்தினேன், மறைக்கறதுக்கென்ன, நுவாலா வீடுவரைக்கும் கேட்டிருக்கும். பெத்த பிள்ளை மேல பஸ் நிக்கப்போகுது, உனக்குக் கொஞ்சமாவது ஈரம் இருக்கா, பயந்தாங்கொள்ளி, ரஸ்ஸலுக்கு வால்பிடிக்கறியான்னு வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவ அடுப்படியில ஆப்பிள் நறுக்கிகிட்டே இருந்தா, அழலை, குரலும் ஏறலை.

"நான் பயந்து சும்மா இருந்தேன்னு நினைச்சீங்களா? சம்மதிச்சுதான் சும்மா இருந்தேன். அவன் போனப்ப ஒரு சின்னக் கல்லு வெச்சு பேர் எழுதுவோம்னு உங்க காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். முன்னோர் வழி, ஆடம்பரம் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் மத்த வரிசையில எல்லாரும் கல்லு வெச்சாங்க, நீங்க மட்டும்தான் வைக்கலை. போன வருஷம் எந்த இடம்னு எனக்கே சரியாத் தெரியாம புல்லுல முட்டி போட்டுத் தேடினேன். சரளையாவது விழட்டும். அவன் மேல ஏதோ ஒரு கல்லு இருக்கட்டும். இத்தனை வருஷம் சொல்லாத பேரை ஊரான் முன்னாடி சொல்லிப் பேர் வாங்க வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் சாப்பாடு போடறா, மாத்திரை எடுத்து வைக்கறா. முன்னோர் வழின்னு நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணலை. ஆனா சுவரோரம் போய் நின்னு பாத்தேன், இங்கதான்னு கைகாட்ட என்னாலயும் முடியலை. பத்தாம் மாசம் காரியக் கூட்டத்துல ரஸ்ஸல் அந்த முடிவை உறுதி பண்றதுக்காக இன்னொரு தரம் படிக்கப்போறாரு. நான் ஒருத்தன் எழுந்து ஒப்பலைன்னு சொன்னா சரளை லாரி வராது. சொல்லமாட்டேன் டாமரிஸ். உங்கம்மா பக்கத்துல போய் உக்காந்துட்டு, வாயை மூடிகிட்டு வந்துடுவேன்.

குழந்தைங்களுக்கு என் முத்தம், நீங்க எல்லாரும் மனசுல சமாதானத்தோட நல்லா இருக்கணும். இந்த வாரம் மறக்காம அம்மாவுக்கு ஃபோன் பண்ணு, என்னைக் கூப்பிடாத, அவகிட்ட மட்டும் பேசு. அண்ணனைப் பத்திக் கேளு, நீ இதுவரைக்கும் கேட்டதே இல்ல, நாங்களும் கேக்க விட்டதில்ல.

உன் அப்பா
ஜெர்விஸ்