செவலையின் வாயில் விட்ட கை

மே 6, செவ்வாய்
நாலு நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று எங்கள் செவலைக்காகத் தொடுகிறேன். காலையிலிருந்து மாடு சோளத்தட்டையை மோந்துகூடப் பார்க்கவில்லை. வாயில் எச்சில் நூல் நூலாக வடிகிறது. தொட்டியில் வாயை வைக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை.

கயத்தாறு பக்கம் ஒரு புஞ்சையில் உரத்துக்காக எங்கள் ஆட்டுக்கிடை கிடக்கிறது. அங்கே காவல் இருக்கிற என் வீட்டுக்காரர் அரிசி எடுக்க வந்திருந்தார். "தொண்டையில தட்டை சிக்கியிருக்கும், கையை விட்டுப் பாருங்க" என்றேன். நான் வாயைப் பிளந்து பிடித்தேன். இவர் முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. பல் உரசி விரல் முட்டியில் லேசாக ரத்தம். சட்டையில் துடைத்துக்கொண்டு மதியம் பஸ் ஏறிவிட்டார்.

மே 8, வியாழன்
கால்நடை டாக்டர் வந்தார். செவலை தொண்டை கம்மிக் கத்துவதையும் சுவரை முட்டுவதையும் தள்ளி நின்றே பார்த்தார். "நாய் எதுவும் கடிச்சுதா?"

மார்ச்சில் ஒரு தெருநாய் மூக்கைக் கவ்வியது. மஞ்சள் அப்பினோம், மறந்துவிட்டோம்.

"வெறிநோய் மாதிரித் தெரியுது. யாரும் வாய்க்குள்ள கை விட்டீங்களா?"

இவர் விட்டதைச் சொன்னேன். விடச் சொன்னதே நான்தானே! நோய் வந்துவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாதாம். வருவதற்குள் ஊசி போட்டால் தப்பிக்கலாமாம். எப்போது வரும்? பத்து நாளா, இரண்டு மாதமா, அதற்கும் மேலா? அதை யாரும் சொல்ல முடியாதாம்.

மே 9, வெள்ளி
செவலை செத்துப்போனது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அழக்கூடத் தோன்றவில்லை, பயம்தான் தோன்றியது.

நேற்றிலிருந்து ஐந்து தடவை போன் போட்டபின் இவர் எடுத்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றால் சிரிக்கிறார். "ஏட்டி, மாடா கடிச்சுச்சு? பல்லு உரசுனதுக்கு ஊசியா? புஞ்சைக்காரர்ட்ட வாக்குக் குடுத்தாச்சு. அறுவது ஆட்டை யாருட்ட விட்டுட்டுப் போக?"

காரணம் அது இல்லை, எனக்குத் தெரியும். இவருடைய அய்யாவை, என் மாமனாரை, நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்களாம். அய்யா போட்ட சத்தம் இன்னும் இவர் காதில் இருக்கிறது. கிடாயைத் தோளில் தூக்கிப்போடுகிற மனுஷனுக்கு ஊசி என்றால் நடுக்கம்.

இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? நாந்தான சொன்னேன். நாந்தான.

மே 10, சனி
முதல் பஸ்ஸில் கயத்தாறு போனேன். கிடைக்குப் போய்க் கம்பை வாங்கிக்கொண்டேன். "ஆட்டை நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க. போகலைன்னா இங்கனயே உக்காந்திருப்பேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். போனார்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தார். "தொப்புள்ல இல்லட்டி! தோள்லதான். முள்ளு குத்துன மாதிரி. புண்ணைச் சுத்திப் போட்டதுதான் உசுரு போச்சு." நான் சிரித்துவிட்டேன்.

இவர் சிரிக்கவில்லை. "சத்யபிரியான்னு ஒரு நர்சம்மா. எல்லாம் விசாரிச்சாவ. மாட்டு வாயைப் பிளந்து பிடிச்சது யாருன்னு கேட்டாவ."

என் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். தினமும் தட்டை உருவிப் போட்ட கை. விரல் முழுக்கக் கீறல். அன்று எச்சில் முழங்கை வரை வழிந்தது. இரண்டு நாளாக இவர் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்; என் கையை நான் பார்க்கவே இல்லை.

கம்பை இவரிடம் கொடுத்துவிட்டு நான் ஓடினேன்.

மே 13, செவ்வாய்
இரண்டாவது ஊசி. காலையில் இவர், மத்தியானம் நான். கம்பு கை மாறுகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிடையிலேயே தங்கிவிட்டேன்.

மே 17, சனி
மூன்றாவது. "தவணை தவறாமப் போட்டா பயப்பட வேண்டாம்கா" என்று சத்யபிரியா போன் நம்பர் கொடுத்தாள். பயப்படாமல் எப்படி இருப்பது என்று அவள் சொல்லவில்லை.

மே 21, புதன்
இவர் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். இறங்கியது.

மே 22
இறங்கியது.

மே 29, வியாழன்
தண்ணீர் குடிக்கும்போது இவருக்குப் புரை ஏறியது. செம்பு கீழே விழுந்தது. இருமுகிறார், கண் சிவக்கிறது. செவலை தொட்டியில் வாய் வைத்து நின்றது அப்படியே தெரிந்தது. அய்யோ, வந்துட்டு. வந்துட்டு. போனை எடுத்துச் சத்யபிரியாவிடம் என்ன உளறினேனோ. அவள் நிதானமாக, "இன்னொரு செம்பு குடுங்க" என்றாள். கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, "வாயில கருப்பட்டி கிடந்துச்சு, அதான்" என்கிறார். அடிக்காத குறைதான்.

ஜூன் 7, சனி
நாலாவது, கடைசி. எங்கள் இரண்டு பேரின் ஊசிச் சீட்டையும் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
கிடை இப்போது கழுகுமலைப் பக்கம். பயம் குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். காலையில் வழக்கம்போல இவர் குடிப்பதைப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போனேன். ஆடு எல்லாம் எழுந்துவிட்டது, இவர் கிளம்பவில்லை. செம்பை நிரப்பி எடுத்துவந்து என்முன் நின்றார்.

"குடி."

"தாகமில்ல. ஆட்டைப் பத்திட்டுப் போங்க."

"நீ குடிக்கதைப் பாத்துட்டுத்தான தினம் பத்திட்டுப் போறேன். இன்னைக்கு நீ இன்னும் குடிக்கலை."

வாங்கிக் குடித்தேன். இவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். செம்பு காலியானதும் கம்பை எடுத்துக்கொண்டு போனார்.