தாண்டிப் போன நாலாம் நாள்

செப். 9, வியாழன்
காலை மூட்டம். மழை இல்லை. வெளிச்சமும் இல்லை; டோக்கியோ நேரத்தின் தயவு. கடிகாரம் எட்டு என்கிறது, பழைய நேரத்துக்கு ஆறரை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து டோக்கியோ ராஜா இருக்கும் திசையென்று கிழக்கே குனிகிறோம், சூரியனே இன்னும் எழவில்லை. கரும்பலகையில் டோக்கியோ கணக்கில் வருடம் 2603. இந்த நோட்டில் 1943தான்.

சைக்கிள் டியூப் செத்துவிட்டது. உள்ளே தோட்டத்து ரப்பர்க் குழாயைத் திணித்தாயிற்று. காஜா பெராங் சாலையில் எலும்பெல்லாம் தனித்தனியாக ஆடுகிறது.

ஞாயிறு அறுப்புப் பண்டிகை. சபைப் போதகர் ஐயர் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டதிலிருந்து பிரசங்கம் என் தலையில். கணக்கு வாத்தியார் பிரசங்கம். சபைக்கு வேறு வழியில்லை. வழக்கம்போல் சிருஷ்டிப்பின் அதிகாரம். ஒவ்வொரு நாளையும் வாசித்து முடித்ததும் சபை ஒரே குரலில் "நல்லது" என்று சொல்லும். இரண்டாம் நாளுக்கு மட்டும் வேதத்தில் அந்தச் சொல் கிடையாது. ஐயர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எங்கள் சபைக்கு இரண்டாம் நாளும் நல்லதுதான்.

குறிப்புகள்:
1 - வெளிச்சம். சூரியனுக்கு முன்பே. விளக்கே இல்லாமல். (இருட்டடிப்புக் காலம். இதை அழுத்திச் சொல்ல.)
2 - ஆகாயம். விமானம் இல்லாத ஆகாயம்.
3 - கடல், நிலம், செடிகொடி. மரவள்ளி உட்பட.
4 - சூரியன், நிலா, நட்சத்திரம்.
5 - மீன், பறவை. கிளேபாங் மீன்காரர் வந்து எத்தனை நாளாயிற்று!
6 - மிருகம், மனிதன். கொசு 5ஆ, 6ஆ? பார்க்க.

வீட்டுக்காரி கனகம் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "மரவள்ளியப் பாத்தும் ஆண்டவரு நல்லதுன்னாரா? மூணு வேளையும் தின்னு பாத்திருக்க மாட்டாரு."
பண்டிகையன்று சபையில் இப்படிப் பேசாதே என்றேன். சிரித்தேன், அது வேறு.

செப். 10, வெள்ளி
வெயில். பிரசங்கத்தை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று புது உத்தரவு. பள்ளி விட்டதும் பண்டார் ஹிலிரில் ஜப்பான்காரர் ஆபீஸ். மொழிபெயர்ப்பாளர் நம் ஜேக்கப். சபையில் பாட்டுக்கு முதல் வரிசை. படித்துக்கொண்டே வந்தவர் 4க்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

"இது வேணாம் சார்."
"ஏன்?"
"அவங்க ராஜா சூரிய வம்சம். நீங்க சூரியன நாலாம் நாள் செஞ்சு மாட்டுன விளக்குங்கிறீங்க. அத நான் அவங்க நிப்போங்கோ பாஷையில சொல்லணும், அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு."
பிறகு மெதுவாக: "எனக்குப் புள்ள பொறந்து பத்து நாள்தான் ஆவுது சார்."

ஞாயிறு ஓர் அதிகாரி வருவாராம். பக்கத்தில் ஜேக்கப் உட்கார்ந்து காதில் சொல்லவேண்டுமாம்.

பயம். இங்கே மறைத்து என்ன, பயம்தான். ஆனால் வழியெல்லாம் ஒரே யோசனை. சூரியன் செய்யப்பட்ட பொருள். அதைக் கும்பிடவும் வேண்டாம், அதற்குப் பயப்படவும் வேண்டாம். செய்தவர் வேறே இருக்கிறார். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு இதைவிட ஆறுதலான சேதி கிடைக்கவில்லை. அதைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

செப். 11, சனி
மாலை மழை. ஜெப வீட்டை அலங்கரித்தோம். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, ஒரு பூசணி. நெற்கதிர் இல்லை. ஞானம்மா பெருக்கினாள். அவள் புருஷன் தேவசகாயத்தை மே மாதம் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் என்றார்கள். நான்கு முடிந்துவிட்டது. கடிதம் இல்லை.
"நாளைக்கு சிருஷ்டிப்புதானே வாத்தியாரய்யா?"
"ஆமாம்மா."
"நல்லதுங்க."

கனகம்: "அந்த ஒரு நாளத் தாண்டிருங்க. கடவுளுக்குத் தெரியும்."
தெரியும் என்பதுதான் தொல்லை.

செப். 12, ஞாயிறு
தாண்டிவிட்டேன்.
கடைசி வரிசையில் அதிகாரிக்கு நாற்காலி. பக்கத்தில் ஜேக்கப், சட்டை வேர்வையில் நனைந்து. மூன்றாம் நாள் வரை நாற்காலி காலி. யாரும் வரவில்லை. வரவே இல்லை. ஆனாலும் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனேன். காலி நாற்காலிக்குப் பயந்து சூரிய சந்திர நட்சத்திரங்களை விழுங்கியவன் நான்.
ஐந்துக்கு "நல்லது" வந்தது. சுரத்தில்லாமல். சிலர் நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஞானம்மா.
"நாலாம் நாளு எங்கய்யா?"
"நேரம் பத்தலம்மா." (பொய். பண்டிகை நாளில், பீடத்துக்கு முன்னால் நின்று.)
"அவரு லாரியில ஏறையில சொன்னாரு, தெனம் நெலாவப் பாரு, நானும் பாப்பேன்னு. எங்களுக்குள்ள கடுதாசி அது ஒண்ணுதான்யா. அது நாலாம் நாளு செஞ்சதுதானே? எல்லாரும் சேந்து அத நல்லதுன்னு சொல்லுவாங்க, கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."
துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சூரியனை மட்டுமே நினைத்தேன். நிலாவும் அதே நாளில் இருப்பது கணக்கு வாத்தியாருக்கு எட்டவில்லை.

செப். 13, திங்கள்
நாள் முழுக்க மழை. ஜேக்கப் வழியில் நிறுத்தி, "ரொம்ப நன்றி சார்," என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை, என்னால்.
கொசு ஆறாம் நாள் என்றே வைத்துக்கொள்கிறேன். மனிதன் வந்த அதே நாள்.

செப். 14, செவ்வாய்
மழை. சோப்பு தீர்ந்தது. கனகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழங்கு உரித்த கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு: "நாந்தான தாண்டச் சொன்னேன். போயி அவளுக்கு மட்டுமாச்சும் வாசிச்சிட்டு வாங்க."

செப். 15, புதன்
விடிவதற்கு முன்பே மழை விட்டு வானம் தெளிந்துவிட்டது. பள்ளிக்குப் போகும் வழியில் ஞானம்மா வீடு. சட்டைக்குள் வேதம். அவள் வாசலில் மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பௌர்ணமி கழிந்த நிலா, முழுசாக. இரண்டு நாள் மழைக்குப் பிறகு.

நேரம் பத்தவில்லை என்றது பொய் என்று சொன்னேன். பயந்துவிட்டேன் என்றும். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். நின்றபடியே நாலாம் நாளை முழுக்க வாசித்தேன். பெரிய சுடர், சின்னச் சுடர், நட்சத்திரங்கள்.

"அங்கயும் இதுதானேய்யா?"
"இதேதாம்மா. ரெண்டு கெடையாது."
"அப்ப நல்லதுங்க," என்றாள். அழுதாள். நானும்.

பள்ளிக்கு ஓட்டமாக மிதித்து, வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்தேன். எல்லோரும் கிழக்கே குனிந்தார்கள். குனிந்தேன். சூரியன் இன்னும் வரவில்லை. நிமிர்ந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துத் தென்னைகளுக்கு மேலே நிலா, அப்படியே.
நல்லது என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு.