எருமை குடிக்காத கஞ்சி

சொன்னால் நீ சிரிப்பாய். முந்தாநாள் அக்ரஹாரத்தில் ஒரு கல்யாணம். வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு களவாணி மாதிரி முழித்தேன். நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. அந்த வாசனைக்கு அழுகை வரவில்லையடி, பயம்தான் வந்தது. இரண்டாம் வகுப்பு எழுத்தில் இதை எழுதுகிறேன். தப்பிருந்தால் நீயா வந்து திருத்தப் போகிறாய்?

இந்தச் சீமையில் சந்தனம் யார் கொல்லையில் முளைத்தாலும் அரண்மனைச் சொத்து. காவல் காப்பது நாம், வெட்டிக்கொண்டு போவது அவர்கள். காணாமல் போனால் கொல்லைக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். பறவைகளுக்குச் சட்டம் ஏது, கண்ட இடத்தில் விதையைப் போட்டுவிடும். அதனால் நம் தெருப் பெண்கள் வாசல் கூட்டும்போதே சந்தனக் கன்றைக் கண்டால் பிடுங்கிச் சாணியோடு சேர்த்துவிடுவோம். இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை.

உன் சோம்பேறித்தனத்தில் ஒன்று தப்பிவிட்டது. உன் கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் தொடை கனம் ஆகும்வரை நீ பார்க்கவில்லை. காட்டிலாகா காவல்காரன், அந்த கார்டு, பார்த்தான். பட்டையைச் செதுக்கி நம்பர் அடித்தான். பிறகு மாதாமாதம் வந்து மரத்தைத் தடவுவான், உன் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவான். கீழத்தெருவில் ஒருவர் மரத்தைத் திருடர்கள் வெட்டிவிட, அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் பேச்சை விட்டுவிட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுகொள்வார்.

நீ தினமும் வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க மரத்தின் வேரில் ஊற்ற ஆரம்பித்தாய். என்னிடம் மட்டும் சொன்னாய்.

"கேட்டா தெரியாதுன்னு சொல்லுடி. தெரியாதுங்கறது பொய் கிடையாது."

இலை சுருங்கி மரம் பட்டுப்போனதும் கார்டோடு அதிகாரி வந்தார். அந்த மனிதர் சத்தமே போடவில்லை. வீடு வீடாகக் கேட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. சந்தன மரம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

"கறிவேப்பிலையாட்டம் இருக்குங்களா சாமி?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வேரடி மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு, வடித்த கஞ்சி போய்ச் சேர வேண்டிய உன் எருமைத் தொட்டிக்குள் கையை விட்டார். காய்ந்து கிடந்தது.

"இந்த வீட்டுல சோறு வடிக்கறது இல்லவா?" என்று அரைத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

அதற்குள் கார்டு உன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துவிட்டான். தெரியாது என்று சொல்லித் தப்ப அங்கே இடமில்லை.

"அவ எருமைக்கு வாய்க்கொழுப்புங் சாமி, கஞ்சியத் தொடாது. எல்லாம் எங்கூட்டுத் தொட்டிக்குத்தான் வருது, வந்து பாருங்" என்றேன்.

வந்து பார்த்தார். தொட்டியில் கஞ்சி இருந்தது. என் வீட்டுக் கஞ்சி. கஞ்சியின் அளவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மரத்துக்கு நோய் என்று எழுதிக்கொண்டார். கார்டு கையை விட்டான். மரத்தை வேரோடு தோண்டி வண்டியில் ஏற்றினார்கள். போகும்போது என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. நீ உள்ளே போய் உலை வைத்தாய்.

அந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறதோ. கையில் காகிதத்தோடு யார் வந்து நின்றாலும், நீ சொல்லிக்கொடுத்த அந்த ஒரு சொல்தான் இன்னும் என் வாயில் முதலில் வருகிறது. போன மாதம் ஜனக்கணக்கு எழுத ஒருவர் வந்தார். வயது என்ன என்றார், தெரியாது என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்றார், தெரியாது. புருஷன் எங்கே என்றார், தெரியாது. விதவை என்று எழுதிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் பின்கட்டில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.